இலவம்பஞ்சுத் தொப்பி

ஜூன் 5

பள்ளி திறந்துவிட்டது. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. போன வருடக் கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள் மிச்சமிருந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். கணக்கு நோட்டு என்பதால் யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் வீடு கைதவிளையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. அம்மா, விபின் அண்ணன், அவன் மனைவி ரெஜிதா மைனி, நான். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அண்ணனுக்குப் பால்வெட்டு வேலை. விடிவதற்கு முன் போய் மரப்பட்டையை வெட்டிவிடுவான், பால் வடிந்து மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் நிறையும். இப்போது மழை பிடித்துவிட்டதால் வெட்டு இல்லை. சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அண்ணன் வைக்கவில்லை. எல்லாவற்றிலும் மழைவெள்ளம் கிடக்கிறது.

மைனிக்கு இது மூன்றாம் மாதம். நூலகத்திலிருந்து நான் என்ன புத்தகம் கொண்டுவந்தாலும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறாள்.

"பிள்ளைக்கு இன்னும் காதே வந்திருக்காது மைனி."

"நீ வாசி பிள்ளே. காது வரும்போது கதை தயாரா இருக்கட்டும்."

ஜூன் 14

காலையில் மைனியின் கழுத்திலும் கையிலும் சிவப்பாகப் பொடிப்பொடியாகத் தடித்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. கை மூட்டெல்லாம் வலிக்கிறது என்றாள். அண்ணன் பைக்கை வெளியே எடுத்தான்.

அம்மா மைனியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"வண்டிய உள்ள வை மக்களே. அம்மையாக்கும் வந்திருக்கது. மணல்வாரி."

அம்மா சொன்னால் மறுபேச்சு இல்லை. கைதவிளையில் யாருக்கு அம்மை கண்டாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தடிப்பைப் பார்த்தே எந்த அம்மை, எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவாள். வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. இனி வீட்டுக்குள் செருப்பு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, ஊசி கிடையாது, தாளிப்பும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெற்ற தாய்க்கும் அம்மை என்றுதான் பெயர். "ஒனக்க அம்மை எங்க?" என்று கேட்பார்கள். நோய்க்கும் தாய்க்கும் ஒரே சொல் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று தமிழ் அகராதியில் தேடவேண்டும்.

ஜூன் 16

அம்மா மைனியை விட்டு நகரவே இல்லை. இளநீர் கொடுக்கிறாள். வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துத் தடவுகிறாள். அரிப்பு எடுத்தால் வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிவிடுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் குழம்பில் உப்பு என்றும் துணி காயப்போடும் கயிறு என்றும் ஏதாவது இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை.

அம்மா கிணற்றடிக்குப் போனபோது மைனி என்னிடம் சொன்னாள். "எனக்க அம்மை கூட எனக்கு இப்பிடி செய்யல்ல பிள்ளே."

ஜூன் 18

தடிப்பு எல்லாம் மறைந்துவிட்டது. அம்மா மைனிக்கு வேப்பிலை போட்டுத் தலைக்கு வெள்ளம் ஊற்றினாள். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் எந்த அம்மையும் இறங்கியதில்லையாம். "வயித்துப் பிள்ளைக்காரி இல்லியா, இரக்கப்பட்டு எறங்கிட்டா" என்றாள்.

ஜூலை 9

கலாவதி நர்ஸக்கா வந்தார்கள். எங்கள் பகுதிக்கு அவர்கள்தான் கிராம சுகாதார நர்ஸ். மைனியின் எடை பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள்.

"காய்ச்சல், சளி ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல்ல" என்றாள் அம்மா.

இது பொய் இல்லை. அம்மை வந்ததைக் காய்ச்சலோடு சேர்த்துச் சொல்வது மரியாதை இல்லை. நோய் என்று சொன்னால் அம்மனுக்குக் கோபம் வரும். மைனி தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை அட்டையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நர்ஸக்கா தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு அண்ணனை ஒரு பிடி பிடித்தார்கள்.

"விபினே, நீ ரப்பரா வளக்க, கொசுவா வளக்க? கெர்ப்பிணி இருக்க வீடுடே. கொசு கடிச்சா வயித்துப் பிள்ளைக்கே கேடு வரும், தெரியுமா?"

"ஆயிரம் சிரட்டை கெடக்கு அக்கா. கவுத்துட்டு வீட்டுக்கு வந்தா காத்து வந்து நிமுத்திப் போடுது."

"காத்துக்கும் ஒனக்கும் நல்ல கூட்டு."

மைனி சிரித்துவிட்டாள். அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று. சாயங்காலம் இரண்டு வரிசை கவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 12

ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். இப்போது பிள்ளை உதைக்கிறது. கதையில் புலி வரும் இடத்தில் ஓர் உதை. மைனி என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. இரண்டு முறை தட்டிற்று.

அகராதியில் பார்த்துவிட்டேன். அம்மை: தாய், பாட்டி, ஒரு நோய், அழகு. அழகு என்றும் ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 7

சந்திர கிரகணம். வயிற்றுப் பிள்ளைக்காரி கத்தியைத் தொடக்கூடாது, வெளியே பார்க்கக்கூடாது. கிரகணம் பிடித்தபிறகு மைனிக்குப் பசி எடுத்துவிட்டது. அடுக்களையில் போய் ஒரு கப்பைக்கிழங்கை நறுக்கினாள். அம்மா பார்த்துவிட்டாள்.

"கிரகண நேரத்துல கத்திய எடுக்கியே, ஒனக்குப் பேடி பயம் ஒண்ணும் இல்லியா?"

"பசிக்கு கிரகணம் தெரியல்ல அத்தே."

அம்மாவும் சிரித்துவிட்டாள். மிச்சக் கிழங்கை அம்மாவே நறுக்கி அவித்துக் கொடுத்தாள். காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியோடு எல்லோரும் தின்றோம்.

அக்டோபர் 18

சனிக்கிழமை என்பதால் நானும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் அறையிலிருந்து மைனி வர நெடுநேரம் ஆயிற்று. இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டு மறுபடி பார்த்தார்களாம்.

பிள்ளையின் உடம்பு வளர்ந்த அளவுக்குத் தலை வளரவில்லை.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "மூணாவது மாசம், நாலாவது மாசம், உடம்புல தடிப்பு வந்துச்சா? கண்ணு சிவந்து, மூட்டு வலிச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் வரல்ல" என்றாள் அம்மா. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

மைனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரிலிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தாள்.

பஸ்ஸில் மைனி என் தோளில் சாய்ந்திருந்தாள். வாசிக்கட்டுமா என்று கேட்டேன். கையில் புத்தகம் இருந்தது. நான் திறக்கவில்லை.

அக்டோபர் 19

மழை.

நவம்பர் 3

பள்ளி நூலகத்தில் பழைய செய்தித்தாள்களை அடுக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். தடிப்பு பற்றி டாக்டர் ஏன் கேட்டார் என்று நான் தேடியது நான்காவது கட்டுக்குள் கிடைத்தது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சில ஊர்களில் ஒரு வைரஸ் வந்திருந்ததாம். பெயர் சிக்கா (Zika). பகலில் கடிக்கும் கொசுதான் பரப்பும். லேசான காய்ச்சல், சிவந்த தடிப்பு, கண் சிவப்பு, மூட்டு வலி, சில நாளில் தானாகப் போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி நின்றுபோகலாம். தலை சிறுத்துப் பிறக்கலாம்.

தடிப்பு, கண், மூட்டு. நான் ஜூன் 14-ஐத் திருப்பிப் பார்த்தேன். நானே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அம்மா, அது அம்மையா இருக்காது. சிக்கான்னு ஒரு…"

"வாய மூடு. அம்மைய நோய்ன்னு சொல்லுதியா? பொத்தகம் வாசிச்சா பெரிய ஆளா நீ? அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள கேக்கப்பிடாது."

களைந்த அரிசியை இன்னொரு தடவை களைந்தாள். பிறகு இன்னொரு தடவை.

நவம்பர் 16

அம்மா இப்போதெல்லாம் மழை விட்டதும் விறகு பொறுக்கத் தோட்டத்துக்குப் போகிறாள். ஈர விறகு எரியாது, அம்மாவுக்கே தெரியும். திரும்பி வரும்போது கையில் விறகும் இருப்பதில்லை. நகத்தில் சேறு இருக்கிறது.

தோட்டத்தில் இப்போது எல்லாச் சிரட்டைகளும் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒருவழியாக அண்ணனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்டதற்கு "நான் எங்க கவுத்தேன்?" என்கிறான். அடக்கம்.

டிசம்பர் 20

பெண் பிள்ளை. மைனி நலம்.

டிசம்பர் 21

பிள்ளையைப் பார்த்தேன். முகம் மைனிதான். உதடு அண்ணன். புருவத்துக்கு மேலே நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம்தான் நெற்றி, உடனே பின்னால் சரிந்துவிடுகிறது. தலை என் கைக்குள் அடங்கும். அழுகை மட்டும் பெரிதாக இருக்கிறது.

அண்ணன் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை.

டாக்டர் மறுபடியும் கேட்டார். அம்மா மறுபடியும் "ஒண்ணும் வரல்ல" என்று தொடங்கினாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"வந்துச்சு டாக்டர். ஜூன் பதினாலு. தடிப்பு, கண் சிவப்பு, மூட்டு வலி. அம்மைன்னு நெனச்சோம்."

போர்வைக்குள்ளிருந்து மைனியின் கை வந்து என் கையைப் பிடித்தது. டாக்டர் திட்டவில்லை. மைனிக்கும் பிள்ளைக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார்.

அம்மா கேட்டாள். குரல் அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. "அன்னைக்கே ஓடி வந்திருந்தா மாத்தியிருப்பியளா?"

"இதுக்கு மருந்து இல்லம்மா. வந்திருந்தாலும் நாங்க மாத்தியிருக்க முடியாது."

"அப்போ சொல்லியும் பிரயோஜனம் இல்ல."

"உங்க வீட்டுக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்கு உண்டு" என்றார் டாக்டர்.

டிசம்பர் 24

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். மீன்துண்டு மட்டும் வழக்கம்போல எனக்குப் பெரிதாக இருக்கிறது.

ஜனவரி 8

கொல்லையில் இலவமரத்தின் அடியில் போன வருடம் பொறுக்கிவைத்த பஞ்சு ஒரு சாக்கில் இருந்தது. அம்மா அதைக் கொட்டி விதை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையணைக்கா என்று கேட்டேன்.

அம்மா ஒரு மஞ்சள் துணியில் தொப்பி தைக்கிறாள். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து. முன்பக்கமும் பின்பக்கமும் கனமாக, நடுவில் பிள்ளையின் தலைக்குச் சிறிய குழி. வெளியிலிருந்து பார்த்தால் உருண்டையான, நல்ல பெரிய தலை.

குளிருக்கு என்று எழுதிவைக்கிறேன். எங்கள் ஊரில் ஜனவரியிலும் விசிறி ஓடும்.

ஜனவரி 16

இருபத்தெட்டாம் நாள். பிள்ளைக்கு இடுப்பில் கறுப்புக்கயிறு கட்டும் நூலுகெட்டு. ஊரெல்லாம் வந்தது. மைனி காதில் "தேவிகா" என்று பெயர் சொன்னாள். தொப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் தொப்பியைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள். முகத்துக்குத் தொப்பி போடமுடியாது.

பந்தியில் பிந்து அக்காவின் மாமியார் சொன்னது எனக்குக் கேட்டது. பிந்து அக்காவின் வீடு எங்கள் வேலிக்கு அடுத்த வீடு.

"கிரகணத்தன்னைக்கு கத்தி எடுத்தாளாம். இந்தக் காலத்துப் பெண்ணுவளுக்கு சொன்னா கேக்குமா? பெத்தவ செய்ததுக்கு பிள்ள அனுபவிக்குது."

மைனி இலை இலையாகப் பாயசம் விளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. பாயசம் இலைக்கு வெளியே விழுந்தது.

அம்மா அங்கேதான் நின்றாள். அந்தக் கிழங்கில் பாதியை நறுக்கியது அம்மா. "இல்லை" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

சாயங்காலம் மைனி தொப்பியைக் கழற்றினாள். பிள்ளையின் தலையெல்லாம் வேர்க்குரு. மைனி அதை ஊதி ஊதி ஆற்றினாள். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சந்தனம் உரைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரி 17

காலையில் தொப்பி மறுபடி பிள்ளையின் தலையில் இருந்தது.

பிப்ரவரி 11

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிக்காதான். நர்ஸக்கா வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அண்ணன் எழுந்துபோய்த் தோட்டத்து ஓரத்தில் நின்றான். அவன் தோள் ஆடியது. மைனிக்குக் கண்ணில் நீர் வரவில்லை. "அப்போ கிழங்கு இல்ல" என்றாள். அவ்வளவுதான். "அப்போ நான் நறுக்கின கிழங்கு இல்ல" என்று இன்னொரு முறை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா பிள்ளையின் தொப்பி நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். அவிழ்த்துக் கட்டினாள்.

மார்ச் 2

தேவிகாவுக்கு வலிப்பு வருகிறது. மருந்து கொடுக்கிறோம். பால் விழுங்க நேரம் ஆகிறது. பயிற்சிக்காக வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நடப்பாளா, பேசுவாளா என்று டாக்டரிடம் மைனி கேட்டாளாம். "இப்ப சொல்ல முடியாது, கூடவே இருந்து பாப்போம்" என்றாராம்.

நான் மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். காது கேட்கிறது என்று பரிசோதனையில் சொன்னார்கள். புலி வரும் இடத்தில் கையை விரித்து உதறினாள். மைனிக்குச் சிரிப்பு. "தெரிஞ்ச புலியாக்கும்" என்றாள்.

ஏப்ரல் 9

நேற்றும் முந்தாநாளும் கோடைமழை. இன்று விடுமுறை.

பத்து மணி இருக்கும். பிந்து அக்காவின் மாமியார் வேலிக்கு அப்பாலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். "சரோஜா, ஒரு எட்டு வாயேன். பிந்துவுக்கு அம்மை பாத்திருக்கு. நீ வந்து பாத்தியன்னா ஒரு சமாதானம்."

பிந்து அக்காவுக்கு இரண்டாம் மாதம்.

அம்மா தொட்டிலிலிருந்து தேவிகாவை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தேவிகாவை அம்மா வெளியே எடுத்துப்போனதே இல்லை. "பிள்ளைய எதுக்கு அத்தே?" என்று மைனி கேட்டாள். அம்மா நடந்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

அவர்கள் வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. பிந்து அக்கா பாயில் கிடந்தாள். கழுத்தெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்பு. கண்ணும் அப்படியே. அம்மா குனிந்து அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அன்று மைனியின் கையைப் பார்த்ததுபோலவே. நான் அம்மாவின் காலைப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தாள்.

"இது அம்மை இல்ல" என்றாள்.

"என்ன சொல்லுத நீ? பாத்தா தெரியல்லியா, மணல்வாரி."

"அம்மையா இருந்தா போறதுக்கு நாளாவும். இது நாலு நாள்ல போயிரும். போனாலும் போவாது. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"ஓகோ, இத்தன வருசம் அம்மை பாத்தவ, இன்னைக்கு டாக்டர் ஆயிட்டியா? ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா தேவிகாவை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தாடைக்குக் கீழே இருந்த நாடாவை இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தாள். பஞ்சு இருந்ததால் அது தலை மாதிரியே உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

பிந்து அக்கா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்க மருமவளுக்கு இதே மாதிரிதான் வந்தது. நான்தான் அம்மைன்னு சொன்னேன். நான்தான் ஆஸ்பத்திரிக்கு விடல்ல. கேட்டவியகிட்ட எல்லாம் ஒண்ணும் வரல்லன்னு சொன்னதும் நான்தான். கிரகணமும் இல்ல, கிழங்கும் இல்ல. அவ மேல ஒரு தப்பும் இல்ல, கேட்டியா?"

பிந்து அக்காவின் மாமியார் சுவரில் கை ஊன்றி நின்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். டிசம்பருக்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"பிள்ளே, அதுக்க பேரு என்னது? நீ சொல்லு."

"சிக்கா."

"சீக்கா" என்றாள் அம்மா. எழுந்து வாசல் வேப்பிலைக்குக் கீழே வந்து நின்று இன்னொரு தடவையும் சொன்னாள், தப்பாகவே. "சீக்கா. போய் டாக்டருட்ட அந்தப் பேரச் சொல்லு. நேரம் களையாத."

பிந்து அக்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினோம். அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. இதை எழுதும்வரை அவர்கள் வரவில்லை.

வரும் வழியில் தொப்பியை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. எடுத்து வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கெடக்கட்டும்" என்றாள். முந்தானையை இழுத்துத் தேவிகாவின் தலைக்கு மேலே பிடித்தாள், வெயிலுக்கு.